சாம்பாரைத் தாங்குமா இலை?

சென்னை மந்தைவெளியில் இராமகிருஷ்ண மடம் சாலையை ஒட்டிய சிற்றுண்டிக் கடைகளின் முன்னால் காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே நிற்போரில் பலர் உட்கார்ந்து உண்ண வந்தவர்கள் அல்லர். பள்ளி வேன் வருவதற்குள் பிள்ளைக்கு இட்லி வாங்கிச் செல்ல வேண்டிய தந்தையும், பறக்கும் ரயிலைப் பிடிக்க விரையும் ஊழியரும், தனித்து வாழும் முதியவர்களுக்காகப் பார்சல் வாங்க வந்த பணிப்பெண்ணும், கைப்பேசிச் செயலியில் வந்த ஆர்டருக்காகக் காத்திருக்கும் இளைஞரும் அங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றனர். ஆவி பறக்கும் தட்டிலிருந்து எடுக்கப்படும் நான்கு இட்லிகள் வாழை இலைத் துண்டின்மீது வைக்கப்பட்டு, இலையோடு சேர்த்துத் தாளில் மடிக்கப்படுகின்றன. கொதிக்கக் கொதிக்க முகந்த சாம்பார், வெள்ளி நிறத்தில் மின்னும் உறையில் ஊற்றப்பட்டு வாய் மூடப்படுகிறது. தேங்காய்ச் சட்னிக்கு ஒரு சிறிய உறை, காரச் சட்னிக்கு மற்றொன்று, இவை அனைத்தையும் சுமப்பதற்கு ஒரு பழுப்புநிறக் காகிதப் பை.

ஒருவர் பத்து நிமிடங்களில் உண்டு முடிக்கும் இந்தச் சிற்றுண்டிக்குள் குறைந்தது நான்கு வகைப் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. வாழை இலை மண்ணில் விழுந்தால் சில வாரங்களில் கரைந்துவிடும். பூச்சு இல்லாத காகிதம் சற்றுக் கூடுதலான காலத்தில் மக்கும். அலுமினியத்தையும் பிளாஸ்டிக் படலத்தையும் ஒட்டிச் செய்த வெள்ளி உறையோ அதை வாங்கியவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஏதேனும் ஒரு குப்பைமேட்டில் கிடக்கும். சட்னியை ஏந்திய உறை பிளாஸ்டிக்கா, தாவர மாவுப்பொருளால் ஆன மக்கும் படலமா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது.

பிளாஸ்டிக்கிற்கு மாற்றாகத் தாவரப் பொருள்களால் ஆன உணவுக் கலன்களும் உறைகளும் சந்தையில் நிறைந்துவரும் இன்றைய நிலையில், அவை எதிலிருந்து பிறந்தன என்பதைப் பற்றியே விளம்பரங்களும் அரசு அறிவிப்புகளும் மிகுதியாகப் பேசுகின்றன. ஆயினும் ஒரு பொட்டலம் நகருக்கு நன்மை செய்கிறதா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: சூடும் எண்ணெயும் நீரும் கலந்த தென்னிந்திய உணவை அது கசியாமல் ஏந்துகிறதா என்பது ஒன்று, உண்டு முடித்தபின் அது எந்த வண்டியில் ஏறி எந்த இடத்தைச் சென்றடைகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை காணாமல் பொருளை மட்டும் மாற்றினால், தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் வேறொரு பெயரில் அதே கடைக்குத் திரும்பி வரும் என்பதையே கடந்த சில ஆண்டுகளின் அனுபவம் காட்டுகிறது.

தடை வந்த வழி

ஒருமுறை மட்டுமே பயன்படுத்தித் தூக்கியெறியப்படும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்படும் என்று, 2018 ஜூன் 5 அன்று சட்டப்பேரவையில் 110ஆவது விதியின் கீழ் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். உணவைக் கட்டும் தாள், தட்டு, குவளை, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், கைப்பை ஆகியவற்றோடு, பிளாஸ்டிக் பூச்சுக் கொண்ட காகிதக் குவளைகளும் தட்டுகளும் தமிழ்நாட்டுப் பட்டியலில் இடம்பெற்றன. பால், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கும், இந்தியத் தரநிலைக்கு உட்பட்ட மக்கும் பிளாஸ்டிக்கிற்கும் விலக்கு அளிக்கப்பட்டது. நடுவண் அரசின் தடை 2022 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னதாக, 2021 டிசம்பர் 23 அன்று, துணிப்பைப் பழக்கத்தை மீட்கும் நோக்கத்தோடு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார்.

கைப்பையைப் பொறுத்தவரை இந்த முயற்சிகள் ஓரளவு வெற்றி பெற்றன என்று சொல்ல முடியும், ஏனெனில் காய்கறியைத் துணிப்பையில் வாங்குவதற்கு மனம் மட்டும் இருந்தால் போதும். உணவுப் பொட்டலத்தின் சிக்கல் அதைவிடக் கடினமானது.

பூச்சுக்குள் ஒளிந்த பிளாஸ்டிக்

தேநீர்க் கடைகளில் பிளாஸ்டிக் குவளை மறைந்ததும் அதன் இடத்தைக் காகிதக் குவளை பிடித்தது. காகிதம் மரக்கூழிலிருந்து வருவது; எனவே அது தாவரப் பொருள்தான். ஆனால் வெறும் காகிதம் சூடான நீரில் ஊறிப் பிய்ந்துவிடும் என்பதால், குவளையின் உட்புறத்தில் பாலிஎத்திலீன் எனப்படும் பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம் பூசப்படுகிறது. கரக்பூர் ஐஐடியின் ஆய்வாளர்கள் இத்தகைய குவளைகளில் 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடான நீரை ஊற்றிப் பதினைந்து நிமிடங்கள் வைத்திருந்து சோதித்தபோது, 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள், அதாவது கண்ணுக்குப் புலப்படாத அளவில் உதிரும் பிளாஸ்டிக் பொடி, கலந்திருந்ததைக் கண்டறிந்தனர். நாளொன்றுக்கு மூன்று முறை அத்தகைய குவளையில் தேநீர் அருந்துபவர் தம்மை அறியாமலே எவ்வளவு பிளாஸ்டிக்கை விழுங்குகிறார் என்பது இந்தக் கணக்கிலிருந்து விளங்கும்.

காகிதக் குவளை உற்பத்தியாளர்கள் இந்தத் தடையை எதிர்த்துத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 அக்டோபரில் வழங்கப்பட்ட தீர்ப்பில், பூச்சுக் கொண்ட காகிதக் குவளைகள் மீதான தமிழ்நாட்டு அரசின் தடை செல்லும் என்று நீதிமன்றம் உறுதிசெய்தது. நெய்யப்படாத துணிப்பைகள் குறித்து மட்டும் மறுபரிசீலனை செய்யுமாறு பணித்தது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அதே குவளைகள் தேநீர்க் கடைகளில் தொடர்ந்து புழங்குவது, தடையைவிட அதைச் செயல்படுத்துவதே கடினம் என்பதைக் காட்டுகிறது.

குவளையைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பச்சை நிறத்தில் அச்சிடப்பட்ட ‘இலை’த் தாள். வாழை இலையின் நரம்புகள்கூட அதில் வரையப்பட்டிருக்கும். வட்டமாக வெட்டி அடுக்கியும், சுருளாகவும் அது விற்கப்படுகிறது. அடியில் காகிதமும் மேலே பிளாஸ்டிக் படலமும் கொண்ட இந்தத் தாள், உண்மையான இலை தரும் நம்பிக்கையைக் கடன் வாங்கிக்கொண்டு, இலை செய்யும் எதையும் செய்யாத ஒன்று. சூடான தோசை அதன்மீது விழும்போது படலம் மென்மையாகி உணவைத் தொடுகிறது. தூக்கியெறிந்தபின் காகிதமாகவும் மறுசுழற்சிக்கு உதவாது, பிளாஸ்டிக்காகவும் உதவாது. சாம்பார் செல்லும் வெள்ளி உறையின் கதையும் இதுவே.

பெட்டிச் செய்தி: மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

உயிரி மூலப்பொருளால் ஆனது: கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி போன்ற தாவரங்களிலிருந்து செய்யப்பட்டது. இது பிறப்பை மட்டுமே குறிக்கிறது. கரும்பு எத்தனாலிலிருந்து செய்யப்படும் பாலிஎத்திலீன், பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலிஎத்திலீனைப் போலவே மக்காமல் கிடக்கும்.

உயிரிச்சிதைவு அடைவது: நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கக்கூடியது. எத்தனை நாளில், எந்தச் சூழலில் என்பதை இச்சொல் சொல்வதில்லை.

உரமாக மக்குவது: குறித்த வெப்பத்திலும் ஈரத்திலும், குறித்த காலத்துக்குள், நச்சு எச்சம் இல்லாமல் உரமாக மாறுவது. சோதித்துச் சான்று பெறத்தக்க சொல் இது ஒன்றே. பெட்ரோலியத்திலிருந்து வரும் பிபிஏடி என்னும் பொருள் உரமாக மக்கும் என்பதையும், தாவரத்திலிருந்து வந்த எல்லாம் மக்கிவிடாது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

தாமிரபரணிக் கரையிலிருந்து

வாழை இலையின் மேற்பரப்பில் இயற்கையாகவே மெழுகுப் படலம் ஒன்று இருப்பதால் நீரும் எண்ணெயும் அதில் ஊறுவதில்லை. ஆனால் நடுத்தண்டிலிருந்து விளிம்பை நோக்கி இணையாக ஓடும் நரம்புகளின் வழியே இலை எளிதில் கிழிந்துவிடும். அதனால்தான் பச்சை இலையை அப்படியே மடித்தால் மடிப்பில் விரிசல் விழுந்து உணவு கசிகிறது. இந்தக் குறையை நம் சமையல் மரபு நெடுங்காலத்துக்கு முன்பே தீர்த்துவைத்திருந்தது. இலையைத் தணலில் காட்டி வாட்டும்போது திசுக்கள் தளர்ந்து, துணி போல எப்படி வேண்டுமானாலும் மடியும் தன்மை இலைக்கு வருகிறது. வழிப்பயணத்துக்குக் கட்டிய கட்டுச்சோறு மறுநாள் வரை கெடாமலும் சிந்தாமலும் இருந்தது இவ்வாறு வாட்டிய இலையில்தான். இட்லி, பொங்கல், புளியோதரை, தயிர்சாதம் ஆகிய கெட்டியான உணவுகளுக்கு இன்றளவும் இதைவிடச் சிறந்த உறை எந்த ஆய்வகத்திலிருந்தும் வரவில்லை என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

சென்னைக்குள் இத்தனை இலை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், கோயம்பேடு சந்தையில் இறங்கும் இலைக்கட்டுகளின் பின்னால் தூத்துக்குடி மாவட்டத்தின் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளும், தஞ்சை மாவட்டத்தின் திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பகுதிகளும் நிற்கின்றன. அங்கே பழத்துக்காக அன்றி இலைக்காகவே வாழை பயிரிடும் உழவர்கள் இருக்கின்றனர். அறுத்த இலை தலைவாழை இலை, சாப்பாட்டு இலை, டிபன் இலை, ஏடு என்று தரம் பிரித்துக் கட்டப்பட்டு, இரவு லாரியில் ஏறுகிறது. வெட்டிய சில நாள்களுக்குள் இலை வாடிவிடும் என்பதால் அதைக் கிடங்கில் இருப்பு வைக்க முடியாது. முகூர்த்த நாள்களில் திருமண மண்டபங்கள் கட்டுக்கட்டாக வாங்கும்போது டிபன் கடைக்காரர் அன்றைய விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் மழை கொட்டியது; காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் நீரில் மூழ்கின. வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன. சாய்ந்த வாழை மீண்டும் இலை தரப் பல மாதங்கள் ஆகும். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஓர் ஆற்றின் வெள்ளம் மந்தைவெளிக் கடையில் இலைத்துண்டின் அளவைச் சுருக்கும் என்பதும், சுருங்கிய இடத்தைப் பூச்சுத் தாள் நிரப்பிவிடும் என்பதும், மாநகரின் பொட்டலக் கொள்கையை உழவரை விலக்கிவைத்து எழுத முடியாது என்பதற்குப் போதுமான சான்று. இலை வாழைக்குப் பயிர்க்காப்பீடும் குளிர்பதனப் போக்குவரத்தும் கிடைக்காதவரை, இலையைப் பயன்படுத்துங்கள் என்னும் அறிவுரை பாதி அறிவுரையே.

வாழை கிடைக்காத பகுதிகளில் மந்தாரை இலைகளையும் புரச இலைகளையும் ஈர்க்கால் தைத்த தையல் இலை வழங்கிவந்தது. கோயில் பிரசாதத்துக்கு இன்றும் பயன்படும் தொன்னை இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இலை, பூ, மரப்பட்டை ஆகியவற்றால் செய்த தட்டுகளுக்கும் குவளைகளுக்கும் 2019 அக்டோபர் முதல் சரக்கு மற்றும் சேவை வரி முழுவதும் நீக்கப்பட்டிருக்கிறது. காட்டோரக் கிராமங்களில் இலை தைத்து வாழும் பெண்களுக்கு இது ஒரு சிறு துணை.

பாக்குமட்டைக்கு வந்த சோதனை

பாக்கு மரத்திலிருந்து ஓலையோடு தானாகவே உதிரும் அடிமட்டையைக் கழுவி, ஊறவைத்து, நூறு டிகிரிக்கும் மேல் சூடான அச்சில் அழுத்தினால் தட்டு கிடைக்கிறது. பசையோ பூச்சோ தேவையில்லை. மரம் வெட்டப்படுவதில்லை, தோட்டத்தில் கிடக்கும் கழிவே மூலப்பொருள். கர்நாடகமும் கோவை, சேலம் பகுதிகளும் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. சிறு எந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டோடு தொழில் நடத்தும் குடும்பங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இதில் ஈடுபட்டுள்ளன. மட்டையைச் சரியாக உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்பது ஒன்றே உற்பத்தியில் பெரிய தொல்லை. உறுதியான தட்டாக அமைவதால் விருந்துக்கும் சாலையோரக் கடைக்கும் பாக்குமட்டை பொருத்தமானது. மடித்துக் கட்ட முடியாது என்பதால் பார்சலுக்கு அவ்வளவாக உதவாது.

2025 மே மாதத்தில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பாக்குமட்டைக் கலன்களை அந்நாட்டில் இறக்குமதி செய்யவோ விற்கவோ அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாக்கு மரத்தில் இயல்பாக உள்ள அரிகோலின் முதலான ஆல்கலாய்டுகள், அதாவது உடலில் மருந்து போல வினைபுரியும் தாவரச் சேர்மங்கள், மட்டையிலிருந்து உணவுக்குள் இறங்கக்கூடும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். பாக்குக் கொட்டையை மெல்லுவது புற்றுநோயை உண்டாக்கும் என்பது நெடுநாளாக நிறுவப்பட்ட உண்மை. ஆனால் கொட்டையும் மட்டையும் ஒன்றல்ல, மெல்லுவதும் தட்டில் வைத்து உண்பதும் ஒன்றல்ல. ஏற்றுமதியை நம்பியிருந்த சிறு உற்பத்தியாளர்களுக்கு இந்த அறிவிப்பு பேரிடியாக வந்தது. கொதிக்கும் ரசமும் புளிக்குழம்பும் மட்டையில் இருக்கும்போது எவ்வளவு ஆல்கலாய்டு இறங்குகிறது என்பதை நம் உணவை வைத்தே இந்திய ஆய்வகங்கள் அளந்து வெளியிடுவது அவசரக் கடமை. உண்போரின் உடல்நலமும் உற்பத்தியாளரின் பிழைப்பும் அந்த அளவையே நம்பியிருக்கின்றன.

கரும்புச் சக்கை

சாறு பிழிந்தபின் மிஞ்சும் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதில் தமிழ்நாட்டுக்கு உலகளவில் பெயர் உண்டு. 1979இல் நிறுவப்பட்டு 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய கரூர் மாவட்டக் காகிதபுரத்தின் தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம், சர்க்கரை ஆலைகள் எரிபொருளாகப் பயன்படுத்தும் சக்கையைப் பெற்றுக்கொண்டு, ஈடாக அவற்றுக்கு நிலக்கரிக் கொதிகலன் வசதி செய்துதரும் முறையைக் கையாண்டது. சக்கை இலவசக் கழிவு அன்று என்பதும், அதை வேறு பயனுக்குத் திருப்பினால் ஆலைக்கு வேறு எரிபொருள் தேட வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்கும். சக்கைக் கூழை அச்சில் வார்த்துச் செய்யும் வெள்ளைத் தட்டுகளும் மூடியிட்ட பெட்டிகளும் சூட்டை நன்றாகத் தாங்குகின்றன. எண்ணெய் ஊறாமல் தடுப்பதற்காகச் சில நாடுகளில் அவற்றில் ஃபுளோரின் கலந்த வேதிப்பொருள்கள் சேர்க்கப்பட்டன; உடலிலும் மண்ணிலும் அழியாமல் தங்கும் இவற்றைக் கொண்ட எண்ணெய்த் தடுப்புப் பூச்சுகள் உணவுக் காகிதங்களுக்காக இனி தங்கள் நாட்டில் விற்கப்படுவதில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. சக்கைப் பெட்டி வாங்கும் உணவகங்கள் விலையைக் கேட்பதோடு நில்லாமல் ஃபுளோரின் சேர்க்கப்படவில்லை என்னும் சோதனைச் சான்றையும் கேட்க வேண்டும்.

மரவள்ளியும் மக்காச்சோளமும்

தாவர மாவுப்பொருளிலிருந்து படலமும் குவளையும் செய்யும் முயற்சிகள் வேறு வகையைச் சேர்ந்தவை. மக்காச்சோளம் அல்லது கரும்பின் சர்க்கரையை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கி, அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் பிஎல்ஏ எனப்படும் பாலிலாக்டிக் அமிலம் கிடைக்கிறது. கண்ணாடி போலத் தெளிவான குவளைகள் இதில் வார்க்கப்படுகின்றன. உத்தரப் பிரதேசத்தின் கும்பியில் சர்க்கரை ஆலை ஒன்றை ஒட்டி இதற்கான பெரிய ஆலை அமைக்கப்பட்டுவருகிறது. மரவள்ளி மாவை பிபிஏடியோடு கலந்து பைகள் செய்யும் முறையும் உண்டு. சேலம், நாமக்கல் வட்டாரத்தின் மரவள்ளி உழவர்கள் இன்றுவரை ஜவ்வரிசிச் சந்தையையே பெரிதும் நம்பியிருப்பதால், பை உற்பத்தி பெருகினால் அவர்களுக்கு இரண்டாவது வாங்குநர் கிடைப்பார்.

நம் உணவின் சூடுதான் இவற்றுக்குச் சோதனை. சாதாரண பிஎல்ஏ சுமார் 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். அடுப்பிலிருந்து இறங்கிய சாம்பாரோ தொண்ணூறு டிகிரியை ஒட்டி நிற்கும். குளிர்ந்த மோருக்கும் பழச்சாற்றுக்கும் பொருந்தும் குவளை, குழம்பை ஊற்றினால் வளைந்துவிடும். வெப்பம் தாங்கும் வகைகளைச் செய்யலாம் என்றாலும் அவற்றின் விலை கூடுதல். அடையாற்றை அடுத்த சென்னை ஐஐடியில் வேளாண் கழிவின்மீது பூஞ்சை இழைகளை வளர்த்துச் செய்த பொதிப்பொருள் தெர்மகோலுக்கு மாற்றாக முன்வைக்கப்படுகிறது. அதுவும் உடையும் பொருளைக் காப்பதற்கே, குழம்பை ஏந்துவதற்கு அன்று.

பெட்டிச் செய்தி: ‘மக்கும்’ என்று அச்சிட என்ன தேவை?

இந்தியாவில் மக்கும் பிளாஸ்டிக்கிற்கான அளவுகோல் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088. சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காற்றோட்டத்தோடு வைத்தால், பொருளின் கரிமத்தில் 90 விழுக்காடு 180 நாள்களுக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரங்களில் 90 விழுக்காடு 2 மில்லிமீட்டர் சல்லடை வழியே விழும் அளவுக்குச் சிதைய வேண்டும். 1968இல் தொடங்கப்பட்டுக் கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்பெட் நிறுவனம் இச்சோதனையைச் செய்கிறது. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் தேவை. சான்று விவரம் அச்சிடப்படாத ‘பயோ’ பையை நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

பெருங்குடியில் என்ன நடக்கிறது

சோதனைக்கூடத்தின் 58 டிகிரி, சென்னையின் எந்தக் குப்பைத்தொட்டியிலும் தானாக அமைவதில்லை. உரக்குவியலை முறையாக அடுக்கி, ஈரம் பார்த்து, புரட்டிவிடும் நிலையத்தில் மட்டுமே அது உண்டாகிறது. தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகச் சென்றடைந்த பெருங்குடிக் கிடங்கு 200 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின்மீது குவிந்தது. அந்தச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் கிடங்கில் பிடித்த தீ பல நாள்கள் புகைந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி அங்கே நடைபெற்றுவருகிறது. தோண்டும்போது மிகுதியாக வெளிவருபவை மக்காத உறைகளும் படலங்களும்தான்.

காற்றுப் புகாத குப்பைமேட்டின் அடியில் புதையும் வாழை இலையும் சக்கைத் தட்டும் மக்கும்போது மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. நூறாண்டு அளவில் இது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது. பிஎல்ஏ குவளையோ அந்தக் குறைந்த வெப்பத்தில் ஏறக்குறைய மாறாமலே கிடக்கிறது. ஆகவே, தாவரப் பொருளைக் கலப்புக் குப்பையில் போட்டால் ஒன்று அது வாயுவாகித் தீங்கு செய்யும், அல்லது பிளாஸ்டிக் போலவே கிடக்கும். சேத்துப்பட்டில் உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையமும் மாநகராட்சியின் உரமாக்கும் மையங்களும் இருக்கின்றன; அங்கே இலை சென்றால் பயனாகும். ஆனால் சாம்பார் உறையோடு சேர்ந்து சென்ற இலையைக் கையால் பிரிப்பது தூய்மைப் பணியாளர்தான். வீட்டுவாசலில் பிரிக்கத் தவறிய வேலையை, புளித்த நாற்றத்துக்கு நடுவே, குறைந்த கூலிக்கு அவர் செய்து முடிக்கிறார். பொட்டலப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் எந்த விவாதமும் அவரைக் கேட்டுத் தொடங்கியிருக்க வேண்டும்.

காயலான் கடைக்கும் இந்தப் புதிய பொருள்கள் வேண்டாதவை. தெளிவான பிஎல்ஏ குவளையைத் தண்ணீர்ப் புட்டி பிளாஸ்டிக்கிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாது. சிறிதளவு கலந்தாலும் உருக்கும் பிளாஸ்டிக்கின் தரம் கெடும். வெள்ளி உறைக்கு எடைபோடுபவர் எவருமில்லை; கடைசியில் அது பக்கிங்காம் கால்வாயில்தான் மிதக்கிறது. மந்தைவெளி ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் அந்தக் கால்வாய், வடகிழக்குப் பருவமழையில் அப்பகுதியின் நீர் வடிய வேண்டிய வழி.

செலவைச் சுமப்பவர் யார்?

பெரிய உணவகம் சக்கைப் பெட்டியின் விலையைப் பார்சல் கட்டணம் என்று ரசீதில் சேர்த்துவிடும். தள்ளுவண்டியில் இட்லி விற்கும் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. ஒரு தட்டு இட்லியில் கிடைக்கும் சில ரூபாய் இலாபத்தை ஒரு மக்கும் பெட்டி விழுங்கிவிடும். அவர் பயன்படுத்திய பழைய செய்தித்தாளையும் விதி தடுக்கிறது: அச்சுமையிலுள்ள ஈயம் முதலான பொருள்கள் உணவில் இறங்கும் என்பதால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதியல் விதிகள் செய்தித்தாளில் உணவைக் கட்டக் கூடாது என்கின்றன. விதி நியாயமானது; எண்ணெய் வழியும் வடையைச் செய்தித்தாளில் பிழிந்து தின்பது கேடு என்பதில் ஐயமில்லை. ஆனால் பிளாஸ்டிக்கும் கூடாது, செய்தித்தாளும் கூடாது, பூச்சுக் காகிதமும் கூடாது என்று அடுக்கிய அரசு, அதே விலையில் எது கூடும் என்பதை அவருக்குக் கையில் கொடுக்கவில்லை. சோதனையின்போது பறிமுதலும் அபராதமும் சந்திப்பவர்கள் பெரும்பாலும் இத்தகைய சிறு வணிகர்களே. உறையைத் தயாரித்து விற்கும் ஆலையை எட்டும் கை அரிது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் எந்திரத்தை வைக்க முடிந்த அரசுக்கு, வார்டுதோறும் கூட்டுறவு அங்காடி வழியே இலைக்கட்டும் தொன்னையும் கொள்முதல் விலைக்கே தர முடியும். கடைக்காரர்கள் தனித்தனியே வாங்கும்போது இருக்கும் விலை, மொத்தமாக வாங்கும்போது இருக்காது. இலை உழவருக்கும் நிலையான தேவை கிடைக்கும்.

குழம்புக்குத் தூக்கு

கெட்டி உணவை இலை ஏற்றுக்கொள்ளும். நீர்த்த உணவுக்கு விலையும் சூடும் முடிவும் ஒருசேரப் பொருந்தும் தாவர உறை இன்னும் கிடைக்கவில்லை என்பதை நேர்மையாக ஏற்றால், எவர்சில்வர் தூக்கே விடையாக நிற்கிறது. ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல், பார்சல் தரும் உணவகங்கள் திரும்பப் பயன்படுத்தும் கலனையும் வாடிக்கையாளருக்கு முன்வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் உள்ளது. மிகச் சிறிய கடைகள் வாடிக்கையாளர் கொண்டுவரும் கலனில் நிரப்பித் தந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணை, தாவரத்திலிருந்து வந்தது என்பதற்காக எந்தப் பிளாஸ்டிக்கிற்கும் விலக்கு அளிக்கவில்லை. மந்தைவெளியில் தொலைவுகள் நடந்து கடக்கக்கூடியவை; நாள்தோறும் அதே கடையில் வாங்குபவர்கள் நிறைய. முன்பணம் வாங்கிக்கொண்டு தூக்கில் சாம்பார் தந்து, மறுநாள் தூக்கைத் திரும்பப் பெற்று வெந்நீரில் கழுவும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான வட்டாரத்தைச் சென்னையில் தேடுவது கடினம். செயலி வழியே வாங்குவோருக்கு மட்டும் சான்று பெற்ற மக்கும் கலன் என்று வரையறுத்துக்கொள்ளலாம்.

இதை அளந்து பார்க்க ஏற்ற நாள் ஒன்றும் ஆண்டுதோறும் அருகிலேயே வருகிறது. பங்குனிப் பெருவிழாவில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் அறுபத்துமூவர் திருவுலா நடக்கும்போது, மாட வீதிகளிலும் மந்தைவெளி நோக்கிய சாலைகளிலும் அன்பர்கள் புளியோதரையும் சுண்டலும் நீர்மோரும் பானகமும் வழங்குகின்றனர். ஒரே நாள், குறுகிய பரப்பு, முன்கூட்டியே பெயர் தெரிந்த கொடையாளர்கள் என்னும் மூன்றும் சேர்வதால், கெட்டி உணவு முழுவதும் தொன்னையில், மோர் முழுவதும் கழுவி மீண்டும் எடுக்கும் குவளையில் என்று கோயில் நிர்வாகமும் மாநகராட்சியும் சேர்ந்து விதிக்க முடியும். அன்று மாலையே தொன்னைகளைத் தனி வண்டிகளில் ஏற்றி, உரமாக்கும் மையத்துக்கு அனுப்பி, சென்ற எடையையும் விளைந்த உரத்தின் எடையையும் செலவையும் மாநகராட்சி வெளியிட வேண்டும். மந்தைவெளியின் அன்றாடக் கடைகளுக்கு எந்தப் பொருளை, எந்த விலையில், எத்தனை வண்டிகளின் துணையோடு கட்டாயமாக்கலாம் என்னும் பேச்சை அந்த மூன்று எண்களை வைத்துத் தொடங்கலாம்.